உப்பில்லாத ஈரம்

"பம்ப்ப நிறுத்து வித்யா. சுவிட்சத் தட்டு, சீக்கிரம்."

மீனாக்ஷியின் வலக்கை தோள்வரை தண்ணீருக்குள் இருந்தது. ஹாலின் கிழக்குச் சுவரை அடைத்து நின்ற நாலடிக் கண்ணாடித் தொட்டி. அதன் மூலையில் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் சின்ன மோட்டார். அதன் வாயை அவள் உள்ளங்கையால் பொத்திக் கொண்டிருந்தாள். கையை எடுத்தால் போச்சு. பாறையை விட்டு நழுவி மிதந்து வரும் கடல் சாமந்தி உள்ளே இழுபட்டு நார் நாராகிவிடும்.

தூக்கம் கலையாத முகத்தோடு ஓடிவந்த மகள் வித்யாலக்ஷ்மி சுவிட்சைத் தட்டினாள். மோட்டாரின் உறுமல் நின்றது. நின்றதும், அதுவரை அமுங்கிக் கிடந்த வேறொரு சத்தம் ஹாலுக்குள் வந்தது. மேல் மாடி, கீழ் மாடி, எதிர் வீடு, தெருமுனைப் பான் கடை என்று பவானிபூர் முழுக்க ஒரே நேரத்தில் ஓடும் வானொலி. ஒரே குரலில் சண்டி பாராயணம். 2002-ஆம் வருடத்து மகாளய அமாவாசை. ஊரே இறந்தவர்களுக்குத் தண்ணீர் விடும் விடியல்.

மீனாக்ஷி இரண்டு கைகளாலும் அந்தப் பிராணியை ஏந்தினாள். பூ என்றுதான் பெயர். உண்மையில் அது விரல் விரலாய் நூறு கைகளும் நடுவில் ஒரு வாயும் கொண்ட உயிர். நேற்று இரவு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு விரிந்து, நீல விளக்கில் அசைந்து கொண்டிருந்தது. இப்போது பிழிந்து போட்ட துணி. வாய் மட்டும் கோணலாகத் திறந்திருந்தது.

"அம்மா," என்றாள் வித்யா. குரல் இறங்கியிருந்தது. "தரையப் பாரேன்."

சிவப்பு சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள். குளியலறை வாசலில் தொடங்கி, ஹாலைக் கடந்து, தொட்டிக்கு முன்னால் வந்து நின்றன. அங்கே ஒரு சின்னக் குட்டை. ஆண்பிள்ளைக் கால். பெருவிரல் பருத்த, அகலமான கால்.

வாசல் நிலைப்படியோரம் ஒன்பது மாதமாக யாரும் தொடாத ஒரு ஜோடித் தோல் செருப்பு இருந்தது. வித்யாவின் கண் அங்கே போய்த் திரும்பியது.

"துடைக்காதே," என்றாள் மீனாக்ஷி. "கீழ போய் நாகலட்சுமியக் கூட்டிண்டு வா."

*

கீழ் மாடி நாகலட்சுமி ஓர் அரசு இன்சூரன்ஸ் கம்பெனியில் கப்பல் சரக்குப் பிரிவு அதிகாரி. இருபத்தேழு வருடமாகத் துறைமுகத்தில் கப்பலின் வயிற்றுக்குள் இறங்கி, நனைந்த சரக்கு எப்படி நனைந்தது என்று கண்டுபிடிப்பவள். விரல் நுனிகளில் எப்போதும் கரும்புள்ளிகள் இருக்கும். காணாமல் போன மோதிரம், யாரோ போட்ட மொட்டைக் கடிதம் என்று எது வந்தாலும் அந்தக் கட்டடத்தில் அவளைத்தான் தேடிப் போவார்கள்.

வந்தவள் காலடிகளை மிதிக்காமல் நின்று, முதலில் தொட்டியைப் பார்த்தாள்.

"தண்ணி மேலதான் எனக்கு சந்தேகம். நோயாளிய அதிலயே வெக்க வேண்டாம். வேற கடல் தண்ணி இருக்கா?"

கட்டிலுக்கு அடியில் மூன்று கேன்கள் இருந்தன. தொட்டியைப் பராமரிக்கும் சுபீர், பதினைந்து நாளைக்கு ஒருமுறை தீகா கடற்கரையிலிருந்து பஸ்ஸில் கொண்டு வருவது. வாளியில் பாதி தொட்டித் தண்ணீர், அதில் சாமந்தி. மேலே கேன். கேனிலிருந்து ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் வழியாகப் புதுக் கடல்நீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. சட்டென்று மாற்றினால் அதுவே கொன்றுவிடும் என்பது மீனாக்ஷிக்குத் தெரிந்திருந்தது. வாளி மேல் துணியைப் போர்த்தி வெளிச்சத்தை மறைத்தாள். வாளி பக்கத்திலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"எட்டு அமாவாசை ஆச்சு நாகு. பங்குனிலேர்ந்து. முதல் நாள் ராத்திரி நன்னா விரிஞ்சிருக்கும். விடிஞ்சா இப்படிச் சுருண்டு கிடக்கும். நாலஞ்சு நாள்ல தேறும். ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சின்னதாறது. இப்போ பாறையவே விட்டுடுத்து. இன்னொரு அமாவாசையத் தாங்காது."

"இந்தக் காலடி?"

"அதுவும் எட்டு தடவ. மேல் மாடி வங்காளி மாமி, மித்ரா பௌதி, சொல்றா, பிள்ளை வரான்னு. கடல்லேர்ந்து ஈரத்தோட வந்து, தான் வளர்த்தத எட்டிப் பாத்துட்டுப் போறானாம்."

சுவரில் மகன் அக்ஷயின் படம் இருந்தது. இருபத்துநாலு வயது. மணிக்கட்டுக்குப் பெரிதான ஒரு கைக்கடிகாரம். மாலை போடாத படம். தை மாதம் இரண்டு நண்பர்களோடு தீகாவில் மீன்பிடிப் படகு ஏறியவன். தொட்டிக்குக் கல்லும் சிப்பியும் பொறுக்கப் போனார்கள். படகு கவிழ்ந்து கரை ஒதுங்கியது. மூன்று பேரும் அங்கே ஒதுங்கவில்லை. வீட்டில் இருக்கும் போலீஸ் காகிதத்தில் இன்னும் 'காணவில்லை' என்றுதான் இருக்கிறது.

"நான் வர வரைக்கும் இதப் பாத்துக்கோம்மான்னுட்டுப் போனான்," என்றாள் மீனாக்ஷி. "இது உசிரோட இருக்கற வரைக்கும் இந்த ஆத்துல யாரும் அந்த வார்த்தையச் சொல்ல மாட்டா. இது போயிடுத்துன்னா..."

சொட்டுகளை எண்ண ஆரம்பித்தாள்.

கதவு திறந்தது. கையில் பால் பாக்கெட்டோடு வெங்கடசுப்ரமணியன் உள்ளே வந்தார். வங்கி அதிகாரி, வரும் மார்ச்சில் ஓய்வு. ஹாலில் கூட்டத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றார். பிறகு காலடிகளை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றிக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போனார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க சார்?" என்றாள் நாகலட்சுமி.

"நாலேமுக்கால் இருக்கும். குளிச்சுட்டுப் போனேன். தெருவெல்லாம் கூட்டம், பால் பூத் திறக்கவே நேரமாயிடுத்து. என்ன, திரும்பவும் சுருண்டுடுத்தா?"

"பாறையவே விட்டுடுத்து," என்றாள் மீனாக்ஷி, தலை நிமிராமல்.

அவர் கையிலிருந்த பாக்கெட் மெல்ல நழுவியது. பிடித்துக்கொண்டார்.

*

ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான் செந்தில்நாதன். ஹவுரா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவன், நாகலட்சுமியின் அலுவலக உதவியாளன், முப்பத்தைந்து வயது. எந்த நனைந்த மூட்டைக்குப் பின்னாலும் ஒரு கொலை இருக்கும் என்று நம்புகிறவன்.

"பாலத்துல ஒரே ஜனம் மேடம். ஊரே வேட்டியக் கட்டிக்கிட்டு கங்கைல நிக்குது. இந்தாங்க பெட்டி." தரையைப் பார்த்தான். குரல் தாழ்ந்தது. "இதா அது? உடம்பு சிலிர்க்குது மேடம்."

"சிலிர்க்கட்டும். பஞ்சு எடு."

ஒவ்வொரு காலடியிலும் பஞ்சை ஒற்றி, காய்ச்சி வடித்த நீரில் பிழிந்து, தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் விட்டாள். பெட்டியிலிருந்து பழுப்பு பாட்டிலை எடுத்தாள். வெள்ளி நைட்ரேட். அவள் விரல்களைக் கறுக்க வைத்த திரவம்.

"மழையில நனைஞ்ச சரக்கா, கடல் தண்ணியில நனைஞ்ச சரக்கான்னு இதுதான் சொல்லும். உப்பு இருந்தா பால் மாதிரி திரிஞ்சுடும்," என்று வித்யாவிடம் சொன்னாள்.

முதலில் தொட்டித் தண்ணீர். ஒரு சொட்டு விட்டதும் குப்பி வெள்ளையாகத் திரிந்தது. அடுத்து காலடிகள். ஒரு குப்பி, இரண்டு, ஐந்து. லேசான மங்கல், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீருக்கு வரும் மங்கல். தொட்டிக்கு முன்னால் இருந்த குட்டையும் அப்படியே.

"கடல்ல இருந்து வந்தவன் கால்ல உப்பு இருக்கணும்," என்றாள் நாகலட்சுமி. "அதுவும் போகட்டும். கடலிலிருந்து வர்ற பேய் பாத்ரூம்ல இருந்து ஏன் புறப்படுது?"

செந்தில்நாதன் அசடு வழிந்தான். ஆனால் கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது.

"அப்ப ஆளு மேடம். தொட்டித் தண்ணிய மொண்டு வெளிய ஊத்தியிருக்கான்."

"மொண்டிருந்தா குட்டையில உப்பு இருக்குமே. இது நல்ல தண்ணி. தொட்டியில இருந்து வந்ததில்ல. இங்க பாரு."

தொட்டிக் கண்ணாடியின் வெளிப்புறம் முழுக்கத் தெறித்துக் காய்ந்த உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. வலது ஓரத்தில், சாமந்தி ஒட்டியிருந்த பாறைக்கு நேர் மேலே மட்டும், மேலிருந்து கீழே இரண்டு விரல் அகலத்துக்குச் சுத்தமான தடம். நல்ல தண்ணீர் வழிந்து உப்பைக் கழுவிய தடம்.

"யாரோ அது தலைமேலயே நேரா ஊத்தியிருக்காங்க," என்றாள். "ஆனா ஒரு சொம்பு நல்ல தண்ணி சுருள வைக்கும், இவ்வளவு வாட்டாது. வித்யா, தொட்டியில வேற என்ன செத்துச்சு?"

"நத்தைகள் ஆன்ட்டி. வைகாசியிலயே எல்லாம் போச்சு. அப்புறம் ஒரு இறால். மீனுக்கு ஒண்ணும் ஆகல." வித்யா தயங்கினாள். "நேராவே சொல்லிடறேன். இந்தத் தொட்டி போனா எனக்கு நிம்மதி. அப்பா ரிடையர் ஆனதும் சென்னைக்குப் போலாம்னா, சாமந்திய எப்படிக் கொண்டு போறதுங்கறா அம்மா. ஒன்பது மாசமா நாங்க மூணு பேரும் ஒரு வாளித் தண்ணிக்குக் காவல் காக்கறோம். ஆனா நான் எதுவும் பண்ணல."

செந்தில்நாதன் நாகலட்சுமியைப் பொருளோடு பார்த்தான். அவள் கண்டுகொள்ளாமல் தொட்டியின் வடிகட்டிப் பஞ்சை உருவி, செய்தித்தாளில் வைத்துப் பிரித்தாள். பாசி, மீன் எச்சம், நடுவில் ஏழெட்டுக் கரும்புள்ளிகள்.

"கறுப்பு மணல்," என்றான் அவன்.

அவள் ஒன்றை நகத்தில் வைத்து நசுக்கி முகர்ந்தாள். புள்ளிகளைத் தாளில் மடித்துக் கொண்டாள். பிறகு சமையலறைக்குள் போய் அலமாரி டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பூஜை அலமாரிக்கு முன் சற்று நின்றாள். விளக்கு, மணி, பித்தளைத் தட்டு, எல்லாம் கல்கத்தாக் காற்றில் கறுத்துக் கிடந்தன. ஒரு செம்புச் சொம்பு மட்டும் நேற்று வாங்கியது போல ஜொலித்தது. உள்ளே இன்னும் துளிகள் ஒட்டியிருந்தன.

எட்டரைக்கு டெலிபோன் அடித்தது. வெங்கடசுப்ரமணியன் எடுத்தார்.

"நமஸ்காரம்ப்பா. ஆச்சா? காவேரிக்கே போயிட்டேளா, இந்தக் காலோட? வீட்லயே தர்ப்பணம் பண்ணப்படாதா. அம்மா எப்படி இருக்கா?" ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். "இல்லப்பா. அவனப் பத்தி ஒண்ணும் தகவல் இல்ல. வந்ததும் சொல்றேன்."

போனை வைத்தவர் அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கும்பகோணமா சார்?" என்றாள் நாகலட்சுமி.

"ஆமா. அப்பாக்கு எண்பத்தாறு. பேரனப் பத்தி மாசாமாசம் இதே கேள்வி."

நாகலட்சுமி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய முகம் மாறியதைச் செந்தில்நாதன் மட்டும் கவனித்தான். ஒரு சரக்கு மூட்டையைத் திறந்து, உள்ளே எதிர்பாராததைக் கண்டுவிட்ட முகம்.

*

ஒன்பது மணிக்கு சுபீர் வந்தான். ஈர வேட்டி, தோளில் துண்டு. கங்கைக் கரையிலிருந்து நேராக வருகிறான். "மாஷிமா, அப்பாவுக்குத் தண்ணீர் விட்டுட்டு வரேன். நாலு மணியிலிருந்து வரிசையில் நின்னேன்," என்றான் வங்காளத்தில். வாளித் துணியை விலக்கிப் பார்த்தவன் முகம் சுருங்கியது.

அவன் தோள்பையை இதற்குள் செந்தில்நாதன் துழாவியிருந்தான். வெற்றியோடு ஒரு நீல பாட்டிலை உயர்த்தினான்.

"மயில்துத்தம் மேடம். செம்பு மருந்து. நத்தை சாகும், சாமந்தி வாடும், மீன் பிழைச்சுக்கும். கண்டுபிடிச்சாச்சு. மாசாமாசம் வந்து வைத்தியம் பாக்கறதுக்கு இவரே நோயக் குடுக்கிறாரு."

"செம்புங்கிற வரைக்கும் சரி," என்றாள் நாகலட்சுமி. "அத நீ சொன்னதுல எனக்கு சந்தோஷம். பாட்டிலத் திருப்பிப் பாரு."

மூடியின் மேல் அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது. அதன் மேல் தூசி.

"ஏதாவது மீனுக்குப் புள்ளி நோய் வந்தால் தனி வாளியில் போடுவதற்கு வைத்திருக்கிறேன்," என்றான் சுபீர் வங்காளத்தில், அந்தப் பாட்டிலைக் கண்டதுமே முகம் சிவந்து. "அக்ஷய் எனக்குத் தம்பி மாதிரி, அண்ணா."

செந்தில்நாதன் பாட்டிலைப் பைக்குள் வைத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க," என்றான் வங்காளத்தில்.

நாகலட்சுமி எழுந்தாள். "மீனாக்ஷி, தண்ணியில செம்பு கலந்திருக்கு. சுபீர் தொட்டிய மாத்திக் கழுவட்டும், கரி போட்டு வடிகட்டட்டும். இனிமே யாரும் ஊத்தாம இருந்தா அது பிழைக்கும். இதோட நான் கீழ போறேன். சாரோட மட்டும் மாடியில ரெண்டு நிமிஷம் பேசணும்."

"இங்கயே சொல்லு நாகு," என்றாள் மீனாக்ஷி. வாளியின் பக்கத்திலிருந்து அசையவில்லை. "எல்லாரும் இருக்கறச்சயே சொல்லு."

"வேண்டாமே."

"சொல்லு."

ஹாலில் ஐந்து பேரும் அவளைப் பார்த்தார்கள். பாராயணம் எப்போதோ முடிந்து, தெருவில் டிராம் மணி கேட்டது.

"சரி," என்றாள் நாகலட்சுமி. "கப்பலோட அடிப்பாகத்துல செம்புச் சாயம் பூசுவாங்க. சிப்பி ஒட்டாது. முதுகெலும்பில்லாத கடல் பிராணிகளுக்குச் செம்பு விஷம். மீன் கொஞ்சம் தாங்கும். நத்தை செத்து மீன் பிழைச்சதுமே எனக்கு அது தெரிஞ்சுபோச்சு. ஆனா மருந்து கலந்திருந்தா எந்த நாளும் வாடணும். இது அமாவாசை விடியல்ல மட்டும் வாடுது. ஒரு செம்புப் பாத்திரத்துத் தண்ணி, அந்த நாள்ல மட்டும், அது தலைமேல விழுது. ராத்திரியே நிரப்பி வெச்ச தண்ணி. புளி போட்டுத் தேய்ச்ச சொம்பு. புளி பட்ட செம்பு இன்னும் வேகமா தண்ணியில இறங்கும்."

தாளைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள்.

"வடிகட்டியில இருந்தது. கறுப்பு எள்ளு."

வித்யா வாயைப் பொத்திக் கொண்டாள்.

"குளிச்சு, ஈர வேட்டியோட பாத்ரூம்ல இருந்து நேரா வந்து, தொட்டிக்கு முன்னால நின்னு, எள்ளும் தண்ணியும் இறைச்சவர் ஒருத்தர். வேட்டியில இருந்து சொட்டினதுதான் குட்டை. அக்ஷய் செருப்பும் அவர் செருப்பும் ஒரே அளவு. வாசல்ல ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். முடிச்சுட்டு, அங்கயே துவட்டி வேட்டி மாத்திக்கிட்டுப் பால் வாங்கப் போயிட்டார். திரும்பி வந்தப்ப அந்தக் காலடிய மிதிக்கல."

வெங்கடசுப்ரமணியன் நிமிரவில்லை.

"அமாவாசைக்கு அப்பா தர்ப்பணம் பண்றது தப்பா?" என்றாள் வித்யா. "எல்லார் ஆத்துலயும்..." பாதியில் நின்றாள். மெல்ல டெலிபோன் பக்கம் திரும்பினாள்.

நாகலட்சுமி எள்ளுத் தாளைத் திரும்ப மடித்தாள். சொல்ல வேண்டியதை அந்தப் பெண்ணே கண்டுவிட்டாள்.

"தாத்தா இருக்காரே," என்றாள் வித்யா. "பாட்டியும் இருக்கா. அப்பா இருக்கறவா எள்ளத் தொடப்படாதும்பேளே அப்பா. இந்த ஆத்துல யாருக்குமே..."

வாளிக்குள் சொட்டு விழும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"ஒரிசாவுல, சந்திப்பூர் தாண்டி ஒரு கரை," என்றார் வெங்கடசுப்ரமணியன். குரல் அலுவலகத்தில் கோப்பு வாசிப்பது போல ஒரே சீராக இருந்தது. "மாசி மாசம். நான் புவனேஸ்வர் ஆடிட்னு போனேனே, அது ஆடிட் இல்ல. அவன் கையில கட்டியிருந்தது என்னோட கடிகாரம். பேங்க்ல இருபத்தஞ்சு வருஷம் ஆனதுக்குக் குடுத்தது. பின்னால என் பேரும் பிராஞ்ச்சும் பொறிச்சிருக்கும். அந்த ஊர் போலீஸ் நேரா என் மேஜைக்கு போன் பண்ணினா. முகம் இல்ல. கடிகாரமும் கால்விரலும்தான். என் கால் அது. நானே கொள்ளி வெச்சேன். அங்கயே கடல்ல கரைச்சேன்."

"அப்பா, எங்ககிட்ட ஏன்..."

"வரேன்னு சொல்லிட்டுப் போனான்னு உங்கம்மா தினமும் ஒரு தட்டு அதிகமா வெச்சுண்டிருந்தா. எப்படிச் சொல்றது? நாள் தள்ளிப் போச்சு. தள்ளிப் போனப்புறம் இன்னும் சொல்ல முடியல. ஆனா அவனுக்கு ஒரு வாய் தண்ணி வேண்டாமா? கடல்ல போனவனுக்குக் கடல்லதான் விடணும்னு தோணித்து." தொட்டியைப் பார்த்தார். "நம்மாத்துல இருக்கற கடல் இதுதானே. அது அவன் வளர்த்தது. அது வாங்கிண்டா அவன் வாங்கிண்ட மாதிரின்னு... அதக் கொல்றேன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

வித்யா அவர் தோளில் முகம் புதைத்தாள். சுபீருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சந்திப்பூர் என்ற ஊர்ப்பெயரும் அந்தப் பெண்ணின் முதுகு குலுங்கியதும் அவனுக்குப் போதுமாக இருந்தது. ஈரத் துண்டால் கண்ணைத் துடைத்துக் கொண்டான்.

"அந்தம்மாவ உள்ள அனுப்பிட்டுச் சொல்லியிருக்கலாம் மேடம்," என்று முணுமுணுத்தான் செந்தில்நாதன். துப்பறிந்ததில் அவனுக்கு முதல் தடவையாகச் சந்தோஷம் இல்லை.

நாகலட்சுமி மீனாக்ஷியைப் பார்த்துக் கொண்டிருந்தாள். மீனாக்ஷி அழவில்லை, அதிரவில்லை. குளுக்கோஸ் குழாயின் திருகை ஒரு இம்மி இறுக்கி, சொட்டை மெதுவாக்கினாள். துணியை விலக்கி வாளிக்குள் பார்த்தாள். அடியில் போட்டிருந்த கல்லின் விளிம்பில், சாமந்தியின் பாதம் ஒரு நகக்கண் அகலத்துக்கு ஒட்டியிருந்தது. வாய் மூடியிருந்தது.

"ஒண்ணு பாக்கி இருக்கு," என்றாள் நாகலட்சுமி மெதுவாக. "எனக்கே இப்பதான் விளங்குது. பூஜை அலமாரியில எல்லாப் பாத்திரமும் கறுத்திருக்கு. அந்தச் சொம்பு மட்டும் மின்னுது. சார் பாத்திரம் தேய்க்கிற ஆள் இல்ல. எட்டு தடவ கைப்பிடி கைப்பிடியா எடுத்தும் எள்ளு டப்பா கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கு."

வெங்கடசுப்ரமணியன் தலை நிமிர்ந்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் தன் மனைவியை அப்படிப் பார்த்ததே இல்லை.

மீனாக்ஷி துணியைத் திரும்பப் போர்த்தினாள்.

"புவனேஸ்வர்லேர்ந்து வந்த அன்னிக்கு, ஹவுராவுல எறங்கினதும் மழையில நனைஞ்சுட்டேன்னேள்," என்றாள், அவரைப் பார்க்காமல். "மாசி மாசத்துல ஏது மழை? அந்த வேட்டியப் பிழிஞ்சது நான். கங்கைச் சேறு இருந்தது அதுல. முழுகிட்டு ஆத்துக்குள்ள வந்திருக்கேள்னு அப்பவே தெரியும். அப்புறம் உங்க பெட்டியத் திறந்து பாத்தேன். அவன் கட்டிண்டு போன கடிகாரம் சட்டைக்கு நடுவுல இருந்தது. நின்னு போயிருந்தது."

"மீனா..."

"நீங்களா சொல்லுவேள்னு இருந்தேன். சொல்ல முடியலன்னா, அதுக்கும் சரின்னு இருந்தேன். தண்ணிய வேற எங்கயோ விட்டுட்டு வந்து, தொட்டிகிட்ட நின்னு அழறேளாக்கும்னு நெனச்சேன். அதுல விடறேள்னு தெரியாது. பிள்ளைக்கு விடற தண்ணி அழுக்குச் சொம்புல போகப்படாதுன்னு ஒவ்வொரு அமாவாசைக்கும் முதல் நாள் புளி போட்டுத் தேய்ச்சு, ரொப்பி வெச்சதும் நான்தான். எள்ளு வாங்கிப் போட்டதும் நான்தான்."